பந்திக்கு முந்திய பரமசிவம்

ஓசூரில் வந்து இறங்கும் தெற்கத்திப் பையன்களுக்கெல்லாம் ஒரே வேண்டுதல்தான். கம்பெனியில் பர்மனென்ட் ஆக வேண்டும். அதற்காக மொட்டை போட்டவர்கள் உண்டு, சூப்பர்வைசர் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கியவர்களும் உண்டு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பரமசிவம் இரண்டையும் செய்யவில்லை. பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலையில் மெஷினுக்கு அச்சு பூட்டும் வேலை. கை சுத்தம், வேலை சுத்தம், பர்மனென்ட் தானாக வந்தது. அதைப் பார்த்துத்தான் உத்தனப்பள்ளியில் தக்காளி போடும் குடும்பத்தார் பார்வதியை அவனுக்குக் கொடுத்தார்கள். அப்பேர்ப்பட்ட வேலையை ஒருத்தன் தானே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

மத்திகிரியில் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையில் அவர்கள் ஒரு டிவிடி கடை வைத்திருந்தார்கள். பகலில் பார்வதி பார்த்துக்கொள்வாள், ஷிஃப்ட் முடிந்து வந்தபின் அவன். அக்கம்பக்கத்து வாடகை வீட்டுக்காரர்கள் சனிக்கிழமை படம் எடுத்துப் போய் திங்கட்கிழமை கீறலோடு திருப்பித் தருவார்கள். பெரிய லாபமில்லை, நஷ்டமுமில்லை. அப்படியே விட்டிருந்தால் அதுபாட்டுக்கு ஓடியிருக்கும்.

இரண்டாயிரத்து ஏழில் ஓசூரில் புது லேஅவுட்டுகள் முளைத்தன. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் இங்கே குடிவந்து சுவரில் தட்டை டிவி மாட்டினார்கள். அந்த டிவியில் சாதா டிவிடி போட்டால் முகமெல்லாம் மசமசவென்று தெரிகிறது என்று அவர்களுக்கு ஒரு குறை. அந்தக் குறையைத் தீர்க்க உலகத்தில் இரண்டு புதுத் தட்டுகள் வந்திருந்தன. சிவப்பு உறையில் வந்தது எச்.டி. டிவிடி, நீல உறையில் வந்தது ப்ளூ-ரே. ஒன்றுக்கான பெட்டியில் மற்றது ஓடாது. இரண்டு பக்கமும் பெரிய பெரிய கம்பெனிகள் வரிந்து கட்டிக்கொண்டு நின்றன. எது நிற்கும், எது விழும் என்று அமெரிக்காக்காரனுக்கே தெரியாது. மத்திகிரி பரமசிவத்துக்குத் தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்பதுதான் கதை. அச்சு பூட்டுகிறவனுக்கு ஒரே எதிரி மாற்றம். ஓடுகிற அச்சைக் கழற்றி வேறொன்று பூட்டினால் அரை ஷிஃப்ட் போய்விடும். அந்த நேரத்தைக் குறைக்கத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன் என்று கம்பெனி அவனுக்குப் பல வருஷமாகப் பாடம் நடத்தியிருந்தது. எச்.டி. டிவிடியைப் பழைய டிவிடி வார்க்கும் மெஷினிலேயே கொஞ்சம் திருத்தி ஓட்டலாம், ப்ளூ-ரேக்குப் புது லைனே போட வேண்டும் என்று எங்கோ படித்தான். சிவப்புதான் நிற்கும் என்று அத்தோடு கணக்கை முடித்துவிட்டான்.

தரப் பரிசோதனையில் இருந்த ஹரீஷ்குமார் கேன்டீனில் சொல்லிப் பார்த்தான். “அது இல்லண்ணா. கேம் ஆடற பெட்டிக்குள்ளயே ப்ளூ-ரேயை வச்சி விக்கறாங்க. வீட்டுக்குள்ள அது தானா பூந்துக்கும்.”

“வெளையாட்டுச் சாமான நம்பி எவனாவது தொழில் பண்ணுவானாடே?” என்று பரமசிவம் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

வீட்டில் பார்வதி வேறு மாதிரி கேட்டாள். “கொஞ்ச நாள் பொறுத்தா இன்னாங்க? எது நிக்குதுன்னு பாத்துட்டு வாங்கலாமே.”

“பொறுத்தா எல்லாரும் வாங்கிருவான். மொதல்ல வச்சிருக்கவன்தான் மொதலாளி. பந்திக்கு முந்துன்னு சும்மாவா சொல்லிருக்காக?”

“இது பந்தியா படையான்னு பாத்தீங்களா? ரெண்டு கூட்டமும் வெட்டிக்கறேன் குத்திக்கறேன்னு நிக்கறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. படைக்குப் பிந்துன்னும் அவங்கதான சொல்லிகிறாங்க.”

“ஒனக்கு என்ன தெரியும், தக்காளி வெலையப் பாரு” என்றான். தக்காளி விலை தெரிந்தவளுக்குத்தான் எதை எப்போது வாங்கக் கூடாது என்று தெரியும். அது அவன் மண்டையில் ஏறவில்லை.

வேலையை எழுதிக் கொடுத்தான். வந்த செட்டில்மென்டில் பெங்களூர் இறக்குமதிக் கடைக்காரனிடம் சிவப்பு உறைத் தட்டுகளையும், வாடகைக்கு விட நாலைந்து பெட்டிகளையும் வாங்கி வந்தான். கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டான். முதல் இரண்டு மாதம் லேஅவுட்டுக்காரர்கள் வந்தார்கள். எல்லாம் இங்கிலீஷ் படம், தமிழ்ப் படம் எப்போது வரும் என்று கேட்டார்கள். “பின்னாலேயே வருது சார்” என்று அவனும் சலிக்காமல் சொன்னான். அந்த இரண்டு மாதமும் அவன் நடையே வேறாக இருந்தது.

இரண்டாயிரத்து எட்டு பொங்கலுக்கு முன்னால் ஒரு பெரிய படக் கம்பெனி நீல உறைப் பக்கம் சாய்ந்தது. மாசியில் சிவப்பு உறையைக் கண்டுபிடித்தவனே, இனிமேல் செய்வதில்லை என்று கையை விரித்துவிட்டான். தட்டை எந்த மெஷினில் வார்ப்பது என்று யோசித்த பரமசிவம், தட்டுக்குள் போக வேண்டிய படம் யார் கையில் இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. மெஷினோடு குடித்தனம் பண்ணுகிறவன் அப்படித்தான் யோசிப்பான். பெங்களூர்க்காரனிடம் திருப்பித் தரப் போனான். “யாரு தகோத்தாரே இதன்ன?” என்று, இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்கிற மாதிரி கன்னடத்தில் கேட்டுவிட்டு அவன் அடுத்த ஆளைக் கவனித்தான். நீல உறைக்காவது மாறலாமென்றால் கையில் ஒன்றுமில்லை. கண்ணாடிக் கதவைக் கழற்றி விற்று அந்த மாத வாடகையைக் கட்டினார்கள்.

பார்வதி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பான். அவள் சோறு போட்டாள், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பினாள், பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது “வியாபாரம்னா அப்டித்தான்” என்றாள்.

ஆடியில் அதே கம்பெனிக்குப் போய் நின்றான். எடுத்துக்கொண்டார்கள், காண்ட்ராக்டில். வார்த்து விழுந்த பாகங்களை அள்ளி அட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலை. வீட்டில் வந்து, “பழைய வேலையே குடுத்துட்டாக, சம்பளம் மட்டும் போகப் போக ஏத்துவாகளாம்” என்றான். காலையில் பழைய யூனிஃபார்மோடு கிளம்புவான், கம்பெனி கழிவறையில் காண்ட்ராக்டரின் சாம்பல் சட்டைக்கு மாறுவான். தோற்றதைப் பொறுத்துக்கொண்டவளிடம் அவன் மறைக்க என்ன இருந்தது? வெட்கம்தான். வெட்கத்தைப் போல மனிதனை முட்டாளாக்குவது வேறில்லை.

ஆயுத பூஜை வந்தது. அன்று மெஷின் ஓடாது. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் உள்ளே வந்து அவரவர் வீட்டுக்காரர் ஓட்டும் மெஷினைப் பார்த்துப் போகலாம். பர்மனென்ட்காரர்களின் மெஷினுக்கு அவர்கள் வீட்டுப் பெண்களே பொட்டு வைத்து மாலை போடுவது அந்தக் கம்பெனி வழக்கம். “இந்த வருசம் ரொம்பக் கூட்டம், வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவன் விடிந்ததும் போய்விட்டான். வருஷா வருஷம் போட்ட மாலை நின்றுபோகக் கூடாதென்று பார்வதி சாமந்தி வாங்கிக்கொண்டு, மகள் சுசித்ராவோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

கேட்டில் செக்யூரிட்டி திருமலை எழுந்து நின்றார். பழைய பழக்கம். “அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. காண்ட்ராக்ட் ஃபேமிலிய உள்ள விட வேணாம்னு ஆர்டருங்க.”

“நாங்க பர்மனென்ட்டுங்க. பரமசிவம் வீட்டுல” என்றாள் பார்வதி.

திருமலை தலையைக் குனிந்துகொண்டார். பரமசிவத்துக்கு ஆள் அனுப்பினார்கள். சாம்பல் சட்டையோடு, கையில் காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கொடுக்கும் பொரிப் பொட்டலத்தோடு அவன் வந்து கேட்டுக்கு உள்பக்கம் நின்றான். பட்டுச் சேலை கட்டிய பர்மனென்ட் வீட்டுப் பெண்கள் அவர்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

பார்வதி சத்தம் போடவில்லை. “கடை போனதுக்கு நான் ஒரு நாளாவது கேட்டனா? இத மட்டும் எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள்.

அவன் பொரிப் பொட்டலத்தைக் கம்பி வழியாக நீட்டினான். அவள் வாங்கவில்லை.

சுசித்ரா அவள் சேலையை இழுத்தாள். “அம்மா, அப்பா மெஷினுக்கு மாலை போடலையா?”

“அப்பாவுக்கு மெஷின் இல்ல. வா” என்று சொல்லிவிட்டு பார்வதி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.