கட்டிங் மாஸ்டர் குச்சி பிடித்த கதை

கட்டிங் மாஸ்டருக்கு முட்டி போய்விட்டது. இருபத்திரண்டு வருடம் ஒரே மேசைக்கு முன்னால் நின்றால் யாருக்குத்தான் போகாது? துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சட்டையின் அளவை வரைந்து, வெட்டும் மிஷினை ஓட்டுகிற வேலையை உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது. காலை எட்டரைக்கு நிற்க ஆரம்பித்தால் மாலை ஆறுக்குத்தான் கால் மடங்கும். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நிக்கிற வேலையை விடுங்க. இல்லேன்னா ரெண்டு வருஷத்துல மாடி ஏற மாட்டீங்க" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து பீரோவுக்கு மேலே செருகி வைத்தார். கம்பெனியில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. முட்டி போன ஆள் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டாவது யூனிட் திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்கு ஒரு இன்சார்ஜ் வேண்டும். இன்சார்ஜுக்குக் கண்ணாடி போட்ட ஒரு அறை, அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. மாஸ்டர் ஆசைப்பட்டது பதவிக்கு இல்லை, அந்த நாற்காலிக்கு. போட்டியில் இரண்டே பேர். ஒருவர் மாஸ்டர். மற்றவர் ஸ்டோர்கீப்பர். துணி ரோல்களை வாங்கி அடுக்கி, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிறவர். வாயில் கொழுக்கட்டை வைத்தாலும் பேச்சை நிறுத்தாத ஆள்.

புது மேனேஜர் வெளிநாட்டுக்காரர். நம் பேச்சை இங்கே வந்து கற்றுக்கொண்டவர், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். "ஆறு வாரம் பார்க்கிறேன். அப்புறம் சொல்றேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியம் என் அறைக்கு வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்று இருவரையும் அழைத்துச் சொன்னார்.

முதல் வெள்ளிக்கிழமை மேசையில் மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன. உள்ளே நூடுல்ஸ், கொஞ்சம் சாதம், வேகவைத்த பட்டாணி, வறுத்த நிலக்கடலை. ஒவ்வொரு பெட்டியோடும் காகித உறையில் இரண்டு குச்சிகள். மேனேஜர் தன் குச்சிகளை உருவிக்கொண்டே, "பழக்கம் இல்லேன்னா ஸ்பூன் இருக்கு" என்று ஒரு கிண்ணத்தை நடுவில் தள்ளி வைத்தார். ஸ்டோர்கீப்பர் வெட்கமே இல்லாமல் பெரிய ஸ்பூனாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

மாஸ்டர் எடுக்கவில்லை. இது பரீட்சை என்று அவர் புத்தி சட்டென்று சொல்லியது. அதற்குக் காரணம் உண்டு. பதினேழு வயதில் தையல் கடைக்கு வேலை கற்கப் போனபோது முதலாளி ஒரு கத்தரிக்கோலை நீட்டி, "முடியலேன்னா சொல்லு, பிளேடு தரேன்" என்றார். மாஸ்டர் இடதுகைக்காரர். அந்தக் கத்தரியோ வலதுகைக்காரர்களுக்கென்று செய்தது. இடது கையில் பிடித்தால் துணியை வெட்டாமல் மடக்கும். பிளேடு கேட்ட இன்னொரு பையனை முதலாளி மாலையே அனுப்பிவிட்டார். மாஸ்டர் கட்டைவிரல் வீங்கி நகம் கறுத்துப்போகிற வரைக்கும் அதிலேயே வெட்டி, மூன்று வருடத்தில் கடைக்கே முதல் ஆள் ஆனார். அன்றிலிருந்து யாராவது "முடியலேன்னா சொல்லு" என்றால் அவருக்கு வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். முடியவில்லை என்று சொல்கிறவன் தோற்றவன். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த சட்டம்.

ஆக, குச்சிகளை எடுத்தார். வலது கையில்தான் எடுத்தார். பேனா, சுத்தியல், கத்தரி, மிஷின் எல்லாம் அவருக்கு இடது கை. சோறு மட்டும் வலது கை. சின்ன வயதில் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய அப்பா இடது கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டிவிட்டுத்தான் தட்டை வைப்பார். அப்படி வந்த பழக்கம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்தக் குச்சிகள் அவருக்கு நன்றாகவே தண்ணி காட்டின. ஒன்று மேலே போனால் மற்றது கீழே போனது. நூடுல்ஸ் பாதி வழி வந்து சட்டைப் பையில் இறங்கியது. பட்டாணி ஒன்று மேசையில் உருண்டு மேனேஜரின் கோப்புக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மாஸ்டர் அரை மணி நேரம் போராடி ஏழு வாய் சாப்பிட்டார். மேனேஜரும் ஸ்டோர்கீப்பரும் என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தெரியாது. வெளியே வரும்போது ஸ்டோர்கீப்பர், "ஏன் மாஸ்டர், பேசாம ஸ்பூனை எடுத்திருக்கலாம்ல?" என்றார்.

"நீ உன் வேலையைப் பாரு" என்றார் மாஸ்டர். வயிறு கபகபவென்று எரிந்தது. கட்டிங் மேசைக்குத் திரும்பிய பிறகு, கோபத்தில் ஒரு காலரைக் கோணலாக வெட்டிவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

அன்று சாயங்காலமே கடையில் ஒரு கட்டு குச்சி வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் தட்டு நிறைய சட்டைப் பொத்தான்களைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து டம்ளரில் போடப் பழகினார். பொத்தான்கள் சிதறி வீடெல்லாம் ஓடின. அவர் மனைவி துடைப்பத்தோடு பின்னாலேயே வந்தாள்.

"என்னங்க இது, கம்பெனியில வெட்டச் சொன்னாங்களா, பொறுக்கச் சொன்னாங்களா?"

"நாற்காலி வேணுமா வேணாமா?"

"நாற்காலி வேணும்தான். அதுக்கு அந்த ஆளுகிட்ட முட்டி வலிக்குதுன்னு சொன்னா போதாதா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இது வேற கணக்கு."

இரண்டாவது வெள்ளி, மூன்றாவது வெள்ளி, நான்காவது வெள்ளி. கதை அதேதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் உரிந்தது. பட்டாணியை விட்டுவிட்டு நூடுல்ஸை மட்டும் சுருட்டித் தின்னலாம் என்று பார்த்தார், சுருளவில்லை. பெட்டியை வாய்க்குப் பக்கத்தில் தூக்கித் தள்ளலாம் என்று பார்த்தார், தள்ளியதில் கடலை மூக்கில் இடித்தது. மேனேஜர் ஒவ்வொரு தடவையும் ஏதோ கேட்பார், ஸ்டோர்கீப்பர் கடகடவென்று பதில் சொல்வார். மாஸ்டர் நெற்றி வியர்க்கத் தலையை ஆட்டுவார். பெட்டி முக்கால்வாசி மிச்சத்தோடு மூடப்படும். நாலாவது வெள்ளி இரவு அவர் குச்சிகளை முறித்துக் குப்பையில் போட்டார். காலையில் புதிதாக ஒரு கட்டு வாங்கினார்.

இதையெல்லாம் பார்த்துப் பொறுத்துக்கொண்டிருந்த மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"கத்தரி எந்தக் கையில பிடிக்கிறீங்க?"

"ஏன், தெரியாதா?"

"ஊசி கோக்கிறது? ஆணி அடிக்கிறது? கையெழுத்துப் போடுறது? எல்லாம் இடது கை. இதை மட்டும் ஏன் வலது கையில வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறீங்க?"

"இது சாப்பாடுடி."

"சாப்பாட்டைத் தொடப் போறது குச்சிதானே, உங்க கையா?"

மாஸ்டர் பொத்தான் தட்டை அருகில் இழுத்தார். யாரும் பார்க்கிறார்களா என்று ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குச்சிகளை இடது கைக்கு மாற்றினார். முதல் பொத்தான் வந்தது. இரண்டாவது வந்தது. ஐந்து நிமிடத்தில் டம்ளர் நிறைந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு மாதத்து ரோதனை. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று மனைவி மேல் பாய்ந்தார். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. பொத்தான் வந்துவிட்டது, சோறு வரவில்லை. இடது கைக் குச்சியில் சோறு உதட்டுக்கு அருகில் வந்தாலே அவருக்குத் தலை தானாகத் திரும்பிக்கொண்டது. வாய் திறக்க மறுத்தது. ஐம்பது வயது ஆள், கண்ணை இறுக மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு கடலையை வாய்க்குள் போடப் பதினைந்து நிமிடம் ஆனது. போட்டதும் குமட்டியது. செத்துப்போன அப்பா துண்டோடு பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. ஐந்தாவது வெள்ளிக்கு அதனால் பயனில்லை, வலது கையோடே போய் வலது கையோடே பட்டினியாகத் திரும்பினார். அதற்கப்புறம் வாரம் முழுக்க, காலையும் மாலையும், இடது கையால் தின்றார். மனைவி எதிரில் உட்காராமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. வியாழக்கிழமை ஒரு வழியாகக் குமட்டல் நின்றது.

ஆறாவது வெள்ளி. கடைசி நாள். மாஸ்டர் பெட்டியைத் திறந்தார், காகித உறையைக் கிழித்தார், குச்சிகளை இடது கையில் எடுத்தார். காது சுட்டது. ஸ்டோர்கீப்பர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பார்த்தார். ஸ்டோர்கீப்பருக்கு நூடுல்ஸில்தான் கண். சாதம் வந்தது, உள்ளே போனது. பட்டாணி வந்தது, போனது. எதையும் சிந்தாமல் பாதிப் பெட்டியை முடித்துவிட்டார். நிலக்கடலையில் கடைசி ஒன்று மூலையில் கிடந்தது. அதையும் எடுத்துவிட்டால் பரீட்சை முடிந்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

சரியாக அந்த நேரம் பார்த்து மேனேஜர் கேட்டார்: "புது யூனிட்ல முதல் ஆர்டர் கட்டம் போட்ட துணி. இங்கேயும் கட்டம் போட்ட துணி வெட்டினா கோணுது. பத்துக்கு ரெண்டு சட்டை கழிவாப் போகுது. ஏன்?"

கேட்டது மாஸ்டரைப் பார்த்து. பதிலும் மாஸ்டருக்குத் தெரியும், பல வருடமாகத் தெரியும். ஆனால் கடலை அந்தரத்தில் இருந்தது. பெட்டிக்கும் வாய்க்கும் நடுவில், இரண்டு குச்சிகளின் நுனியில். பேச ஆரம்பித்தால் பிடி நழுவி விழுந்துவிடும். இதைப் போட்டுக்கொண்டு சொல்லலாம் என்று அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"துணி ரோல்ல இறுக்கமா இருக்கும் சார்" என்றார் ஸ்டோர்கீப்பர், ஸ்பூனைப் பெட்டியில் குத்தி வைத்துவிட்டு. "ரோல்லருந்து எடுத்து நேரா வெட்டினா, வெட்டின பிறகு சுருங்கி, கட்டம் கோணிக்கும். முந்தின நாளே பிரிச்சுப் போட்டு ஆற விடணும். அப்புறம்தான் அடுக்கணும்."

இது மாஸ்டர் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை மாஸ்டர் சொன்னது. போன வருடம் முழுக்க ஸ்டோர் வாசலில் நின்று, "யோவ், ரோலை ஒரு நாள் முன்னாடி கொடுய்யா" என்று தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியவர் அவர். பிரித்துப் போட இடமில்லை என்று கையை விரித்தவர் இதே ஸ்டோர்கீப்பர். மேனேஜர் தன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். மாஸ்டர் கடலையை வாயில் போட்டு மென்றார். அவர் எடுத்த விதத்தையோ, எந்தக் கையில் எடுத்தார் என்பதையோ அந்த அறையில் ஒருவரும் பார்க்கவில்லை.

அது நான் சொன்னது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை போடுவதா என்று வீம்பு வந்துவிட்டது. குச்சியால் சாப்பிட்டுக் காட்டியாகிவிட்டது, மேனேஜருக்குத் தெரியாமலா இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மாஸ்டர் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நின்றார்.

"புது யூனிட்டுக்கு இன்சார்ஜா ஸ்டோர்கீப்பரை அனுப்பிட்டேன். காலையில கிளம்பிப் போயிட்டார்" என்றார் மேனேஜர். "உங்களுக்கு நேர்ல சொல்லணும்னு நினைச்சேன். நீங்க வெட்டினா அது சுத்தமா இருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனா ஆறு வாரம் ஒரே மேசையில உட்கார்ந்தோம். நீங்க ஒரு வார்த்தை பேசல. சாப்பாட்டையும் மிச்சம் வச்சீங்க. எங்க சாப்பாடு பிடிக்கலையோ, என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சேன்."

மாஸ்டர் விரலில் மிச்சமிருந்த சாக்பீஸ் தூளைத் தேய்த்தார். "குச்சி... பழகிட்டிருந்தேன் சார்."

"எதுக்கு? ஸ்பூன் இருந்துச்சே. நான் சொன்னேனே."

பதினேழு வயதில் ஒரு முதலாளி இருந்தார் என்று ஆரம்பிப்பதா? கட்டம் போட்ட துணி என் யோசனை என்று இப்போது சொன்னால் பொறாமையில் சொல்கிறான் என்பார்கள். மேனேஜரோ பொறுமையாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி இரண்டும் விண் விண்ணென்று தெறித்தன.

"சார், கொஞ்சம் உட்காரலாமா? முட்டி வலிக்குது. நாள் முழுக்க நிக்க முடியல. டாக்டர் நிக்கவே கூடாதுன்னுட்டார்."

மேனேஜர் எழுந்து வந்து தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். "இதை ஏன் சொல்லல? போன வாரம் சொல்லியிருந்தாக்கூட வேற மாதிரி யோசிச்சிருப்பேனே."

மாஸ்டர் உட்கார்ந்தார். நல்ல நாற்காலி, முதுகுக்கு மெத்தை வைத்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள் என்று மேனேஜர் சொன்னார். பத்து நிமிடம் இருந்தார். அப்புறம் கட்டிங் மேசையில் துணி விரித்தாயிற்று என்று ஒரு ஆள் வந்து கூப்பிட்டான், கைப்பிடியை அழுத்திக்கொண்டு எழுந்து போனார்.