காஜா பேராங் திடலுக்கு நான் போட்ட பிளான்

பந்து விளையாட ஒரு திடல் வரைந்து கொடுத்தேன். நான் செய்தது அதுதான். மலாக்காவில் இன்றைக்கும் யாராவது என்னைப் பார்த்து, "உங்க கை சுத்தமான கை, ஒரு கோடு பிசகாது" என்று புகழ்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். இந்தக் கையை அன்றைக்கே வெட்டிப் போட்டிருந்தால் என் தங்கை தாலியோடு இருந்திருப்பாள்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம் அது. காஜா பேராங்கில் எங்கள் கிளப்புக்கு ஒரு திடல் இருந்தது. சொந்தத் திடல் இல்லை, சாலையோரப் பொது இடம்தான். ஆனால் சாயங்காலமானால் எங்கள் ஆட்கள்தான் அங்கே. ஒரு நாள் வந்தான், உழுது மரவள்ளி நடச் சொல்லிவிட்டான். கோல் கம்பத்தைப் பிடுங்கி அடுப்பெரிக்கக் கொண்டுபோனான். போகட்டுமே, பந்து உதைக்காவிட்டால் உயிரா போய்விடும் என்று கேட்பீர்கள். உயிர்தான் போனது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். முதலில் தோட்டங்களில் பிடித்தான், பிறகு டவுனுக்குள்ளேயே வந்துவிட்டான். பசாரில் நாலு தமிழன் சேர்ந்து நின்றால் போதும், லாரி வந்து நிற்கும். வேலை இல்லாதவன்தான் முதல் குறி. எங்கள் கோல் கீப்பர் என் தங்கையின் புருஷன். படகுத்துறையில் இருந்த வேலை போய் ஆறு மாதமாகச் சும்மா இருந்தார். கையில் சர்க்கார் முத்திரை வைத்த வேலைச் சீட்டு இருந்தால் விடுவான், இல்லாவிட்டால் லாரியில் ஏற்றுவான். மாப்பிள்ளைக்கு எப்படியாவது ஒரு சீட்டு வாங்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை.

கிளப் செயலாளர்தான் ஒரு யோசனை கொண்டுவந்தார். சாலையும் கால்வாயும் பார்க்கிற ஆபீஸில் எனக்கு வேலை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அங்கே பிளான் வரைகிறவன் நான். புதிதாக வந்த ஜப்பான் அதிகாரிக்குத் தேகப் பயிற்சி என்றால் பைத்தியம். காலையில் எங்களை வெயிலில் நிறுத்திக் கையைக் காலை ஆட்ட வைப்பான். "அவன்கிட்ட புதுத் திடலுக்கு ஒரு பிளான் போட்டுக் குடுங்க. ஒத்துக்கிட்டான்னா அது சர்க்கார் வேலை. நம்ம ஆளுங்களுக்கெல்லாம் சீட்டு கிடைச்சுடும்" என்றார் செயலாளர். நல்ல யோசனைதான். இன்றைக்கும் சொல்கிறேன், யோசனையில் பழுதில்லை.

பிளானிலும் பழுதில்லை. ஆற்றுக்குப் போகும் வழியில் கோரை முளைத்த பள்ளம் ஒன்று சும்மா கிடந்தது. முழங்கால் ஆழம் சேறு. அதை நான் அளந்தேன். காகிதம் கிடைக்காத காலம், பழைய பிளான் துணி ஒன்றின் பின்பக்கத்தில் வரைந்தேன். நடுவை ஒரு அடி உயர்த்தி இரண்டு பக்கமும் சரிவு. ஓரத்தில் நீளமாக ஒரு லோங்காங் வாய்க்கால், மழைத் தண்ணீரை ஆற்றில் கொண்டுபோய் விட. வெயில் கீப்பர் கண்ணில் அடிக்காதபடி கோல் இரண்டும் வடக்கும் தெற்குமாக. பயிற்சித் திடல்தானே, ஒரு மூலையில் உதைத்துப் பழகப் பலகைச் சுவரும் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "மச்சான், நான் விழுந்து எந்திரிக்கிற எடத்துல மட்டும் கொஞ்சம் மணல் கொட்டச் சொல்லுங்க. முழங்கை பிஞ்சு போவுது" என்றார். அதற்கும் ஒரு சதுரம் போட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தூ!

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிளான் மேலே போனாலும் கூடவே ஆள் பட்டியலும் போக வேண்டும். பேர், வயது, வீடு, உடம்பு எப்படி என்று நாலு கட்டம். பட்டியல் இல்லாத பிளானை வெள்ளைக்காரத் துரை மூஞ்சியில் விட்டெறிவான். பதினைந்து வருஷம் அப்படியே பழகின கை. "பன்னெண்டு ஆளுன்னு மட்டும் போட்டா போதாதா?" என்று செயலாளர் கேட்டார். "ஆபீஸ் வேலை உங்களுக்கு என்ன தெரியும்? பேர் இருந்தாத்தான் பேருக்குச் சீட்டு வரும்" என்று எரிந்து விழுந்தேன். எங்கள் லெஃப்ட் விங் ஆடுகிறவன் கம்போங் செட்டிக்காரன், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறின செட்டிக் குடும்பம், தமிழ் வராது, மலாய்தான். அவன் பேரே கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான். பேரையும் வீட்டையும் ஜப்பான்காரனிடம் எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் எங்கே ஓடி ஒளிவது என்று மலாயில் கேட்டான். முட்டாள் என்று மலாயிலேயே திட்டி விரட்டினேன். அந்த முட்டாள் பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருந்தான்.

கடைசிக் கட்டம் உடம்பு. மாப்பிள்ளைக்கு இழுப்பு உண்டு. மழை பிடித்துக்கொண்டால் பத்தடி நடந்து நின்று மூச்சு வாங்குவார், தங்கை நெஞ்சில் தைலம் தேய்த்துவிடுவாள். ஓட முடியாததால்தான் கோலில் நின்றார். அதை எழுதினால், நோயாளிக்கு எதற்கு வேலை என்று பேரை அடித்துவிட்டால் என்ன செய்வது? சீட்டு போய்விடுமே. பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி 'நல்ல திடகாத்திரம்' என்று எழுதினேன். கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.

பத்து நாளில் சிவப்பு முத்திரையோடு உத்தரவு வந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மண்வெட்டியோடு அந்த இடத்தில் பட்டியல் வரிசைப்படி நிற்க வேண்டும், அங்கேயே சீட்டு கொடுப்பார்கள். கிளப்பில் ஒரே கும்மாளம். தங்கை மரவள்ளியை அவித்துத் தேங்காய் துருவிப் போட்டு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை பன்னிரண்டு பேரும் நின்றார்கள். ஒருத்தன்கூடத் தாமதமில்லை, நான்தான் மிரட்டி வைத்திருந்தேனே. அதிகாரி வந்தான், மலாய் பேசுகிற துபாஷி வந்தான், பின்னாலேயே துப்பாக்கிக்காரர்களோடு ஒரு லாரி வந்தது. துபாஷி என் பட்டியலை விரித்துப் பேர் பேராகக் கூப்பிட்டான். சீட்டுக்குத்தான் கூப்பிடுகிறான் என்று முதல் ஆள் சிரித்துக்கொண்டே போனான். அவனை லாரியில் ஏற்றினார்கள். மூன்றாவது ஆள் ஏறும்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சயாமுக்கு.

அந்தப் பாவிக்குத் திடலா வேண்டியிருந்தது? மேலிடத்திலிருந்து இத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். விரட்டிப் பிடிக்கிற வேலைகூட அவனுக்கு வைக்கவில்லை நான். பேர், வயது, வீடு, உடம்பு எல்லாம் அழகாக எழுதி நானே கையில் கொடுத்துவிட்டேன். ஒரு பிடி சேறுகூட அங்கே யாரும் வெட்டவில்லை.

மாப்பிள்ளை முறை வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சாக்கிட், துவான், சாக்கிட்" என்றார், நோயாளி ஐயா என்று. நடிப்பில்லை. பயத்திலேயே இழுக்க ஆரம்பித்துவிட்டது. அதிகாரி நின்று பார்த்தான். வழியில் செத்துப்போகிறவனால் அவனுக்கு என்ன பிரயோஜனம்? முந்தின வாரம்தான் புக்கிட் பாருவில் காலில் புண் வைத்த ஒருத்தனை ஏற்றிய பிறகும் இறக்கி விட்டிருந்தார்கள். துபாஷி பட்டியலில் விரலை வைத்தான். "திடகாத்திரம் என்று இருக்கிறதே, யார் எழுதியது?" என்று கேட்டான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மச்சான், சொல்லுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

நான் எழுதியது பொய், இந்த ஆளுக்கு இழுப்பு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? குனிந்து என் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரை ஏற்றிவிட்டார்கள்.

சொல்லியிருந்தால் உங்கள் தலையைச் சீவியிருப்பான் என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் உண்டு. பேசாமல் போங்கள் ஐயா! அதே அதிகாரியிடம் பொய்க் கணக்கெழுதி மாட்டிக்கொண்ட எங்கள் ஆபீஸ் குமாஸ்தா, அந்தக் கிராணியை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாலு அறை, ஒரு பகல் வெயிலில் முட்டி போட வைத்தான், மறுநாள் வேலைக்கு வரச் சொன்னான். ஜப்பான்காரனை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். ஆனால் நாலு அறைக்குப் பயந்தது நான்.

சண்டை முடிந்து மூன்று பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளை அங்கே பிடித்த முதல் மழையிலேயே மூச்சு முட்டிப் போய்விட்டார் என்று அவர்கள்தான் சொன்னார்கள். தங்கை அழவில்லை. லாரியில் ஏற்றின அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர்களில் ஒருத்தனைக் கேட்டாள். அவன் ஒன்று விடாமல் சொன்னான். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"நெசமா அண்ணே? அவரு உங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டாராமே. நீங்க ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் என் வீட்டில்தான் இருந்தாள். எனக்குச் சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள், என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். அண்ணே என்று அதன்பிறகு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.