வாசலைத் தாண்டிய ரொட்டிக்காரர்

கில்மோரின் என்ற சிற்றூரில் ஒரே தெரு, இரண்டு கோயில். மேட்டில் இருந்த கத்தோலிக்கர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமிருக்காது. ஆற்றோரப் புராட்டஸ்டண்ட் கோயிலுக்கு ஏழெட்டுப் பேர் வந்தால் அதிகம். இரு சாராரும் ஒரே சந்தையில்தான் மாடு விற்றார்கள். சாவு விழுந்தால் மட்டும் பிரிந்துவிடுவார்கள். புராட்டஸ்டண்ட் கோயிலுக்குள் கத்தோலிக்கர் கால் வைப்பது பாவம் என்பது அன்றைய திருச்சபைச் சட்டம்.

பேக்கரிக்காரர் மலக்கி டூஹியின் மனைவி பிரீடா காசநோயில் கிடந்தபோது சொந்தக்காரர்களே வாசலோடு திரும்பினார்கள். பக்கத்துத் துணிக்கடை நடத்திய புராட்டஸ்டண்ட் ஹெஸ்டர் அம்மையார்தான் தினமும் உள்ளே வந்து சூப் ஊட்டி, தலை வாரிவிட்டார். பிரீடா பிழைத்தாள்.

1957 பிப்ரவரியில் ஹெஸ்டர் இறந்தார். ஊரே சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து, வழக்கம்போல ஆற்றோரக் கோயில் வாசலில் தூறலில் நின்றுவிட்டது. பெட்டியைத் தூக்கிய நால்வரும் கிழவர்கள். ஒருவருக்கு முழங்கால் மடங்கியது. மலக்கி தோள் கொடுக்க முன்னால் போனார்.

கசாப்புக்கடை டெக்லன் கையைப் பிடித்தார். "எங்கடா போற? ஃபாதர் பாத்துட்டு நிக்கிறாரு!"

"பாக்கட்டும். அந்தம்மா எங்க வீட்டுக்குள்ள வந்தப்ப யாரைக் கேட்டுட்டு வந்துச்சு?"

பெட்டியைத் தோளில் வாங்கி வாசலைத் தாண்டினார். உள்ளே தங்கள் கோயிலில் இருக்கும் அதே ஈர மரவாடை, அதே மெழுகு வாசனை. பரலோக மந்திரத்தை அவரும் சேர்ந்து சொன்னார். அவர் முடித்த பிறகும் மற்றவர்கள் புராட்டஸ்டண்ட் வழக்கப்படி இரண்டு வரி தொடர்ந்தார்கள்.

மறு ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் திட்டு விழுந்தது. கடையில் ரொட்டி விற்காமல் தேங்கியது.

"தேங்குனா நாமளே தின்னுக்கலாம்" என்றாள் பிரீடா. "நீங்க மட்டும் போகாம இருந்திருந்தா உங்க மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்."

ரொட்டி வியாபாரம் மெல்ல மீண்டது. செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்தில்தான் சிக்கல். அந்தப் பாவத்துக்கு மனம் வருந்தச் சொன்னார் ஃபாதர்.

"வருத்தமே இல்லையே ஃபாதர். இல்லாததை எப்படிச் சொல்றது?"

மன்னிப்பு கிடைக்கவில்லை; அது இல்லாமல் நற்கருணை அப்பம் வாங்க முடியாது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், நற்கருணை வாங்க ஊரே எழுந்து போகும்போது, மலக்கி மட்டும் பெஞ்சில் தனியே உட்கார்ந்திருந்தார். வெளியே அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடம் அவருக்கு ஒவ்வொரு வாரமும் வலித்தது.

வருடங்கள் கழித்துச் சட்டம் தளர்ந்தது. புதிதாக வந்த ஃபாதர் எதுவும் கேட்காமல் அவர் நாவில் அப்பத்தை வைத்தார்.

அந்த வருடமே ஆற்றோரக் கோயிலில் இன்னொரு அடக்கம். இனி உள்ளே போகலாம் என்று தெரிந்தும் கூட்டம் வாசலில் தயங்கியது. டெக்லன் மலக்கியின் முதுகைத் தள்ளினார்.

"நீ முன்னாடி போடா. உனக்குத்தான் வழி தெரியும்."

மலக்கிக்குக் கோபம் வரவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்தார். பின்னால் கல்தரையில் ஊரின் காலடிச் சத்தம் கேட்டது.