ராகு காலத்தில் சிவக்கும் சோதனை

மும்பை செம்பூரில் எங்கள் அலுவலகம். மென்பொருள் செய்கிறோம் என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். செய்ததைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நிஜ வேலை. அதற்கென்று தானியங்கிச் சோதனைகள் உண்டு. நிரலில் யார் கை வைத்தாலும் அவை ஓடும். சரியென்றால் திரையில் பச்சை, தவறென்றால் சிவப்பு.

முகவரிச் சீட்டு அச்சிடும் பகுதியின் சோதனை மட்டும் நினைத்தபோது சிவக்கும். மறுபடி ஓட்டினால் பச்சை. காரணம் தேடுவதைவிட மறுபடி ஓட்டுவது சுலபம் என்பதால் அதுவே எங்கள் மரபாயிற்று. மாட்டுங்கா வீட்டில் அலமாரி நிறையப் பகுத்தறிவுப் புத்தகங்கள் வைத்திருக்கும் நான், ஒரு படி மேலே போய், ராகு காலம் தவிர்த்து ஓட்டினேன். காலண்டரை மேசை இழுப்பறைக்குள்தான் வைத்திருந்தேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதே!

புதிதாகச் சேர்ந்த தாராவிப் பெண் மறுபடி ஓட்டி மறைக்கவில்லை. சிவப்பைச் சிவப்பு என்றே அறிக்கையில் எழுதினாள். மேலாளர் அவள் கோப்பில் 'அடிக்கடி நிரலை உடைக்கிறார்' என்று எழுதினார். வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று வெள்ளிக்கிழமை முடிவு.

புதன்கிழமை நண்பகல் தாண்டி என் மேசைக்கு வந்தாள்.

"சார், ஒண்ணரை வரைக்கும் ஓட்ட மாட்டியளோ?"

"சும்மாம்மா... லஞ்ச் டயமாச்சேன்னு."

"இழுப்பறைக்குள்ள காலண்டரு தெரியுது. எங்கம்மாகூட கல்யாணம் காச்சிக்குத்தான் ராகு காலம் பாப்பா. நீங்க கம்ப்யூட்டருக்குப் பாக்கியளே!"

கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். சோதனைகளை ஓட்ட எங்களுக்கு இரண்டு இயந்திரங்கள், ஒன்றில் விண்டோஸ் இயங்குதளம், மற்றதில் லினக்ஸ். எது சும்மா இருக்கிறதோ அது எடுத்துக்கொள்ளும்.

"செவந்ததெல்லாம் விண்டோஸ் மெஷின்ல ஓடுனப்பத்தான். லினக்ஸ்ல விழுந்தா பச்சை. ராகுவுக்கு இதுல என்ன சார் வேல?"

சோதனையைத் திறந்து பார்த்தோம். லினக்ஸ் ஒரு வரியை ஒரே குறியோடு முடிக்கும். 'வரேன்' என்று எழுந்து போகிற விருந்தாளி. விண்டோஸ், வாசலில் செருப்பை மாட்டியபடி இன்னொரு 'வரேன்' சொல்லும் மாமா, இரண்டு குறிகள். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை. எங்கள் சோதனைக்கோ முதல் விருந்தாளியை மட்டுமே தெரியும்.

"இத எழுதுன மகராசன் யாரு?" என்று பழைய பதிவுகளைத் தேடினாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

"சார், பேரு உங்க பேரு மாதிரியே இருக்கு."

இரண்டு விதமான வரி முடிவுகளையும் ஒன்றாக்கிவிட்டு ஒப்பிடும்படி ஒரே ஒரு வரி சேர்த்தேன்.

"ஒண்ணரை ஆகட்டுமே," என்றேன்.

"இப்பவே ஓட்டுங்க. ரெண்டு மெஷின்லயும்."

மாற்றி மாற்றி ஓட்டினோம். நல்ல ராகு காலத்தில் எல்லாமே பச்சை.

மேலாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'பழைய சோதனையில் ஒரு குறை காணப்பட்டது' என்று கம்பீரமாகத் தொடங்கினேன். தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாரு சார் கண்டுபிடிச்சா?"

அழித்தேன். 'தவறான சோதனையை எழுதியவன் நான். இத்தனை நாள் பழி சுமந்தவரும் அதைக் கண்டுபிடித்தவரும் புதிதாகச் சேர்ந்த பெண்' என்று எழுதி, மனம் மாறுவதற்குள் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை தாண்டி அவளை உள்ளே கூப்பிட்டார்கள். அது என்ன நேரம் என்று எனக்குத் தெரியும், காலண்டர் இருந்த இழுப்பறையை இறுக மூடினேன். பதினொரு மணிக்குக் கையில் நிரந்தர வேலைக் கடிதத்தோடு நேராக என்னிடம் வந்தாள்.

"பத்தே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன் சார். செல்லும்லா?"