வெல்லம் யாருக்கு வாலாட்டியது

கருங்குழியில் ஜாக்கெட் தைக்கும் கன்னியம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. சொன்ன தேதியில் துணி தயாராக இருக்கும். ஆனால் கழுத்து அளவை மாற்றி மாற்றிச் சொல்கிறவளை வாசலிலேயே நிறுத்தி வறுத்தெடுத்துவிடுவாள். அவள் குழைந்து பேசிய ஒரே ஜீவன் வெல்லம். மூன்று வருஷத்துக்கு முன், ஒரு ஐப்பசி மழையில், மதுராந்தகம் போய் நூல்கண்டு வாங்கிவரும் வழியில் கண்டெடுத்த குட்டி. பாதையோரக் குழாய்க்குள் நடுங்கிக்கொண்டிருந்ததை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். நிறத்தைப் பார்த்து வெல்லம் என்று பேர் வைத்தாள்.

"நாயெல்லாம் வூட்டுக்குள்ள வேணாம்மே. முடி கொட்டும்" என்றார் அவள் புருஷன் ஜெயக்குமார். செங்கல்பட்டிலிருந்து நாவலூருக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர். விடியுமுன் பைக்கில் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவார். மகளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த பிறகு பகலெல்லாம் அந்த வீட்டில் கன்னியம்மாவும் தையல் மெஷினும் வெல்லமும்தான்.

இந்த வருஷம் மாசியில் ஒருநாள் பால் வேன் ஒன்று பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தது. வெல்லத்தின் வலது பின்னந்தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. செங்கல்பட்டில் கால்நடை மருத்துவர் ஹாதியா அறுவை செய்து தகடு வைத்து எலும்பைப் பொருத்தினார்.

"ஆறு வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது" என்றார் டாக்டர். கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி மாட்டியிருந்த பிளாஸ்டிக் வளையத்தைக் காட்டி, "இதை மட்டும் கழட்டவே கழட்டாதீங்க. நக்கி நக்கியே தையலைப் பிரிச்சிடும்" என்றார்.

அன்று தொடங்கியது கன்னியம்மாவின் ஊழியம். காலை மாலை வாயைப் பிளந்து மாத்திரை போட வேண்டும். புண்ணைத் துடைத்து மருந்து வைக்க வேண்டும். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப்பிடித்துத்தான் ஒன்றுக்கு இருக்கவைக்க வேண்டும். மூன்றே நாளில் வெல்லத்துக்குக் கணக்கு விளங்கிவிட்டது. இந்தப் பொம்பளை கிட்டே வந்தால் வலிக்கும். கன்னியம்மாவின் கொலுசுச் சத்தம் கேட்டாலே காதை மடக்கிக்கொண்டு சுவரோடு ஒண்டியது.

ஜெயக்குமார் மாலையில் வருவார். கை கால் கழுவிக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து ரெண்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். அவ்வளவுதான் அவர் செய்தது. அதற்கு வெல்லம் வாலைத் தரையில் அடித்த அடியில் நூல்கண்டெல்லாம் உருண்டது.

"இன்னாடா ராஜாத்தி, அம்மா உன்ன பேஜாரு பண்ணுதா?" என்று அவர் கொஞ்சுவார். அடுக்களையில் கன்னியம்மா பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். முடி கொட்டும் என்று சொன்ன வாய்தானே அது!

ஜாக்கெட் வாங்க வந்த ராஜத்திடம் பொருமித் தீர்த்தாள். "பீயள்றது நானு, வாலாட்றது அவருக்கா, அக்கா? இன்னா ஞாயம் இது?"

"கட்டின புருஷன் மேலயே போட்டியாடி?" என்று ராஜம் சிரித்தாள். கன்னியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தாம் நாள் காலை மாத்திரை கொடுக்கப் போனாள். வெல்லம் தலையைத் திருப்பிக்கொண்டது. ஏதோ ஒரு ஆங்காரம் வந்தது அவளுக்கு. சட்டென்று கழுத்து வளையத்தின் கொக்கியை விடுவித்தாள். வெல்லம் தலையை உதறியது, கழுத்தைச் சொறிந்துகொண்டது, அப்புறம் மெல்ல நகர்ந்து வந்து அவள் மடியில் முகத்தை வைத்து மணிக்கட்டை நக்கியது. பத்து நாளில் முதல் தடவை. அந்த வளையத்தைத் திரும்ப மாட்ட அவளுக்குக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

ஜாக்கெட்டுக்கு ஒரு கை தைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது பாயில் ரத்தம். இரண்டு தையல் பிரிந்திருந்தது.

"எப்டிமே இது?" என்று சாயந்திரம் வந்த ஜெயக்குமார் பதறினார்.

"வளையம் தானா கழண்டுகிச்சு" என்றாள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் டாக்டர் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தானா கழலாதே?" என்று கன்னியம்மாவை ஏறிட்டார்.

"நாந்தான் டாக்டர். ராத்திரி சரியா மாட்டாம வுட்டுட்டேன்" என்றார் ஜெயக்குமார்.

கன்னியம்மாவுக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நல்லவர் என்ற பேரையும் இவரே வாங்கிக்கொண்டாரே என்றுதான் இருந்தது. திரும்பும்போது ஆட்டோவில் படாளம் தாண்டுகிறவரைக்கும் உம்மென்று வந்தவள் கடைசியில் உடைந்துபோனாள்.

"நாந்தான் கழட்டினேன் மாமா."

"தெரியும்."

"எதுக்குன்னு கேக்க மாட்டியா? அது எனக்கும் வாலாட்டணும்னுதான்."

ஜெயக்குமார் சிரிக்கவில்லை. "நாலு நாளு லீவு போட்றேன். மருந்து மாத்திரையெல்லாம் நானு. பிஸ்கட்டு நீ" என்றார்.

இரண்டாம் நாளே வெல்லம் அவரைப் பார்த்து உறுமியது. கன்னியம்மா பிஸ்கட்டோடு வந்தால் வால் ஆடியது. மூன்றாம் நாள் மாத்திரையை அவர் சட்டை மேலேயே துப்பியது.

"நான் இன்னா பண்ணேன் அதுக்கு?" என்று அவர் முகம் சுண்டி உட்கார்ந்தார். கன்னியம்மாவுக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. அன்றைக்குத்தான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் அவர் துண்டை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நாயிடம் போவதைப் பார்த்த பிறகுதான் மனசு இளகியது. "குடு மாமா, காலைல நான் பாத்துக்கறேன். சாயங்காலம் நீ" என்று வாங்கிக்கொண்டாள்.

புண் ஆறியதும் டாக்டர் தையலைப் பிரித்தார். நாலாம் வாரம் அதுவரை ஊன்றாத காலின் நுனியால் தரையைத் தொட்டது வெல்லம். ஐந்தாம் வாரம் சாய்ந்து சாய்ந்து வாசல்வரை நடந்தது. ஆறாம் வாரம் எக்ஸ்ரே எடுக்க மறுபடியும் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். மேஜைமேல் ஏற்றியதும் அதற்கு நடுக்கம் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் ஜெயக்குமார், மறுபக்கம் கன்னியம்மா. வெல்லம் இரண்டு பேரையும் பார்த்தது. பிறகு கன்னியம்மாவின் அக்குளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, படம் எடுத்து முடிக்கிறவரை அசையவேயில்லை.

"எலும்பு கூடிடுச்சு. கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடக்கும். ஆனா இனிமே தாராளமா நடக்க விடலாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் ஜெயக்குமார் கையை நீட்டினார். "கை வலிக்கும், என்கிட்ட குடு. இல்லன்னா கீழ வுடு, அதான் நடக்கலாம்னு சொல்லிட்டாங்களே."

"வேணாம்" என்றாள் கன்னியம்மா. பதினெட்டுக் கிலோ நாயை இடுப்பில் இன்னும் கொஞ்சம் ஏற்றிவைத்துக்கொண்டு, ஆட்டோ நிற்கும் இடம்வரைக்கும் அந்த வெயிலில் அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள்.