ஃபோர் வீல் இல்லாமல் எரிமலை மேட்டுக்கு

எங்கள் மொன்றியல் நகரின் நடுவே நிற்கும் மொன்ட் றோயல் மலையின் மேல் வைத்துத்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன், மூக்கு நுனி மரத்துப்போகும் ஒரு பெப்ரவரி நாள். பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கத் தொடங்கிய முதல் வருடம் அது. வகுப்போடு மலையேறி நின்றபோது, எங்கள் விரிவுரையாளர் மிகச் சாதாரணமாக ஒரு குண்டைப் போட்டார். இந்த மலை எரிமலையே இல்லையாம். கீழிருந்து ஏறி வந்த பாறைக்குழம்பு வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே ஆறி இறுகிவிட்டதாம். மேலே மூடியிருந்ததெல்லாம் காலப்போக்கில் அரித்துப்போக, இறுகியது மட்டும் மலையாக நிற்கிறதாம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து ரொறன்ரோவிலிருந்து வரும் மச்சாள்மாருக்கெல்லாம், "உங்களிட்ட வானத்தைத் தொடுற கோபுரம்தான் இருக்கு, எங்களிட்ட எரிமலை இருக்கு" என்று பெருமை அடித்தவள் நான். அந்தக் குளிரில் நின்றுகொண்டே முடிவெடுத்தேன்: உண்மையாகவே வெளியே வந்த ஒன்றை என் கண்ணால் பார்க்கவேண்டும். கையால் தொடவேண்டும்.

மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸிலேயே தொலைபேசியில் தேடிப் பிடித்துவிட்டேன். ஐஸ்லாந்தின் நடுவே, மனிதர் குடியிருக்காத ஒரு மேட்டுநிலம். லாண்ட்மன்னலாய்கர் என்று வாயில் நுழையாத பெயர். இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் மலைகள். அவற்றின் காலடியில், பாறைக்குழம்பு சட்டென்று ஆறி உருவான கறுப்பு எரிமலைக் கண்ணாடி. படங்களைப் பார்த்துக்கொண்டே போனால், கடைசியில் ஒரு எச்சரிக்கை: நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டி இல்லாமல் அந்த வீதியில் போகக்கூடாது, அது சட்டம். எனக்கோ கார் ஓட்டவே தெரியாது. தெரிந்திருந்தாலும், என் வயதுக்காரருக்கு அப்படியான வண்டியை வாடகைக்குக் கொடுப்பது அரிது. ஆனால் கோடையில் மட்டும் உயரமான சக்கரங்கள் பூட்டிய பஸ் ஒன்று ஆற்றைக் கடந்து அங்கே போகிறது என்றும் கண்டுபிடித்தேன். எனக்கு அது போதும்.

அம்மாவுக்குப் போதவில்லை. "தனியப் போறதெண்டால் கதையே வேண்டாம்" என்றார். அப்போது வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, "நான் கூடப் போறன் அக்கா" என்றார். மாமாவின் வேலை, புவாண்ட்-கிளேரில் உள்ள ஒரு களஞ்சியத்திலிருந்து மொன்றியல் முழுக்கச் சாமான் கொண்டுபோய் இறக்குவது. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவர் போன ஒரே வெளியூர் ரொறன்ரோ. அதுவும் கல்யாணவீட்டுக்கோ செத்தவீட்டுக்கோதான். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, போங்கோ. ஆனால் ஒண்டு. அந்த இடத்தைப் பாக்காமல் திரும்பி வந்தியெண்டால், பேந்து இந்த எரிமலைக் கதை இந்த வீட்டில எடுக்கக்கூடாது. விளங்கிச்சோ?"

அம்மா சொன்னால் சொன்னதுதான். எனக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

கார்டரி எனப்படும் பகல் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துச் சேர்த்த காசில் பயணச்சீட்டு எடுத்தேன். ஓகஸ்ட் கடைசியில் போய் இறங்கினோம். மூன்று நாள் பயணம். நடு நாள்தான் மேட்டுநிலத்துக்கு. பஸ்ஸில் இரண்டு இருக்கை பதிந்து வைத்திருந்தேன். விமான நிலையத்தில் நான் பெட்டிகளுக்காகக் காத்து நின்ற நேரத்தில் மாமா போய் ஒரு சின்ன வெள்ளைக் காரை வாடகைக்கு எடுத்துவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"பஸ்ஸில போறதுக்கே கடல் தாண்டி வந்தனாங்கள்?"

"மாமா, அந்த றோட்டில இந்தக் கார் விடேலாது. சொன்னனான்தானே!"

"எடி பிள்ளை, ஜனவரியில, முன்னுக்கு நிக்கிற வண்டி தெரியாத பனியில ஓடுறவன் நான். இது ஓகஸ்ட். பனி எங்கை கிடக்கு, காட்டு பாப்பம்?"

மொன்றியலில் கார் ஓட்டும் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. பனிக்காலத்தைக் கடந்தவனுக்கு உலகத்தில் வேறு எந்த வீதியும் வீதியே இல்லை. இழுபறிப்பட்டு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மேட்டுநில வீதி தொடங்கும் இடத்தில் ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. பஸ் அங்கே சிறிது நேரம் நிற்கும். அதுவரை காரில் போய், அங்கே பஸ் ஏறுவது. பஸ்காரருக்கும் அறிவித்துவிட்டேன்.

பெட்ரோல் நிலையத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் மாமாவின் கை துருதுருத்தது. "பஸ் வர நேரம் கிடக்குது. சும்மா அந்த றோட்டுத் தொடக்கத்தில நிக்கிற அறிவிப்புப் போர்ட் மட்டும் போய்ப் பாத்திட்டு வருவம்."

போனோம். வீதி இரண்டாகப் பிரியும் இடத்தில் பெரிய அறிவிப்புப் பலகை. சின்னக் காரின் படம் போட்டு, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. மாமா அதைப் பார்த்துச் சிரித்தார். "இது இஞ்சத்தைச் சனத்துக்கு" என்றபடி காரை உள்ளே விடப் பார்த்தார்.

நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டேன். "நீங்கள் போங்கோ மாமா. நான் பஸ்ஸில வாறன்."

"கொஞ்சத் தூரம்தான், பிள்ளை. திருப்பிக்கொண்டு வாறன்" என்று போனார் மனிதர். துணி தேய்க்கும் பலகை மாதிரி அலையலையாகக் கிடந்த சரளை வீதியில் கார் தடதடவென்று ஆடிக்கொண்டு போவதைப் பார்த்தேன். சற்றுத் தூரத்தில் காரின் அடிவயிற்றில் கல் இடித்த சத்தம், நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. கார் நின்றது. மாமா இறங்கிக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுமெதுவாகப் பின்பக்கமாகவே வரத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் புழுதி கிளப்பிக்கொண்டு பஸ் வந்தது. பெட்ரோல் நிலையத்தில் எங்களைக் காணாமல் புறப்பட்டுவிட்டது. நான் இரண்டு கைகளையும் விசிறிக் கத்தினேன். பஸ் ஓட்டிய பெண், யாரோ உல்லாசப் பயணி சந்தோஷத்தில் கை காட்டுகிறாள் என்று நினைத்திருக்கவேண்டும். சிரித்துக்கொண்டு திருப்பிக் கை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு அந்தப் பக்கம் போகும் ஒரே பஸ் அதுதான். மறுநாள் காலை எங்களுக்கு விமானம்.

நல்ல காலம், காருக்குச் சேதமில்லை. பெட்ரோல் நிலையத்துக்குத் திரும்பினோம். எனக்கு அம்மாவின் குரல்தான் காதில் கேட்டது. பார்க்காமல் திரும்பினால் கதை முடிந்தது. இன்னும் எத்தனை எரிமலைகளின் பெயர்களை எழுதி வைத்திருந்தேன்! எல்லாம் இந்தச் சரளை வீதியின் தொடக்கத்திலேயே முடிந்துபோவதா?

இல்லை என்று தீர்மானித்தேன். பெட்ரோல் நிலையத்தில் நின்ற பெரிய வண்டிகளிடம் ஒவ்வொன்றாகப் போனேன். வெட்கப்பட நேரமில்லை. ஒரு வண்டியில் இடமில்லை. ஒரு வண்டி வேறு திசைக்குப் போகிறது. ஒருவர் நான் கிட்டப் போகும்போதே கண்ணாடியை ஏற்றிவிட்டார். மாமாவும் தன் பங்குக்குத் தேடத் தொடங்கினார். ஆனால் அவர் தேடியது வண்டியை அல்ல. "எங்கை போனாலும் ஒரு தமிழாள் இருப்பான் பிள்ளை, பொறு" என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தார். மாநிறமாக ஒருவர் பெட்ரோல் அடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் போய், "தமிழா?" என்று கேட்டும்விட்டார். அவர் ஸ்பெயின்காரர்.

கடைக்குள் போனோம். கோப்பி இயந்திரத்துக்கு முன்னால் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் நின்றிருந்தார். காசை விழுங்கிவிட்டுக் கோப்பி தர மறுத்த அந்த இயந்திரத்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, பிரெஞ்சில் ஒரு தூஷணம் சொன்னார்.

மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்து ஆட்கள் எப்படித் தூஷணம் பேசுவார்கள் என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். தேவாலயப் பீடத்தில் இருக்கும் புனித சாமான்களின் பெயர்களைச் சொல்லித்தான் திட்டுவார்கள். நற்கருணைப் பேழை, பூசைக் கிண்ணம், எதையும் விடமாட்டார்கள். உலகத்தில் வேறெங்கும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் அப்படித் திட்டுவதில்லை. மன்னாரில் பீடப் பையனாக இருந்து, இன்றைக்கும் ஞாயிறு பூசை தவறவிடாத மாமா, வேலையிடத்தில் அந்தச் சொற்கள் காதில் விழும்போதெல்லாம் சிலுவை அடையாளம் போடுகிறவர். "கோயில் சாமானை வைச்சே திட்டுதுகள், உருப்படுங்களோ!" என்பது எங்கள் வீட்டில் அவர் வழமையாகப் பாடும் பாட்டு.

அன்றைக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் மாமாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். குழல் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"பிள்ளை!" என்று என் தோளைப் பிடித்து உலுப்பினார். "எங்கட ஊராக்கள்!"

அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "பொன்ஜூர்! மொன்றெயால்! வில்லரே!" என்று எங்கள் வீடு இருக்கும் பகுதியின் பெயரையும் சேர்த்துச் சொல்லி நெஞ்சைத் தட்டிக் காட்டினார். தாடிக்காரர் திகைத்துப்போனார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி கையிலிருந்த தேசப்படத்தைப் போட்டுவிட்டு, "வில்லரேயா? வில்லரேயில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சரியாக, எங்கள் ஆட்கள் கல்யாணவீட்டில் "ஊரில எவடம்?" என்று கேட்கும் அதே தொனி. அவர்கள் மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள புரோசார்ட் ஆட்கள். பாலத்தில் நெரிசல், பனி அள்ளும் நாளில் நகரசபை காரை இழுத்துக்கொண்டு போன கதை, முடியவே முடியாத வீதித் திருத்த வேலை என்று நான் இடையில் மொழிபெயர்க்க, பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் மாதிரிப் பேசிக்கொண்டார்கள்.

பிறகு நான் எங்கள் நிலையைச் சொன்னேன். அந்த அம்மா முழுதாகக் கேட்கக்கூட இல்லை. பின் இருக்கையில் கிடந்த கூடாரங்களை இழுத்து ஒருபக்கம் தள்ளினார். "ஏறுங்கள்."

வண்டியில் மாமா தன் பையிலிருந்து பருத்தித்துறை வடையை எடுத்து நீட்டினார். தாடிக்காரர் கடித்தார். உறைப்பு ஏறியதும், கோப்பி இயந்திரத்துக்குச் சொன்ன அதே சொல் மறுபடி வந்தது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சிலுவை போட மறந்துவிட்டார்.

பின் இருக்கையில் இருந்து பழக்கமில்லாத மாமாவின் வலது கால், இல்லாத பிரேக்கை வழிநெடுக மிதித்துக்கொண்டே வந்தது. வெளியே கறுப்பு மணல். இடையிடையே கண்ணைக் குத்தும் பச்சைப் பாசி. மரம் என்று ஒன்றில்லை. ஒரு திருப்பத்தில் மலைகள் தெரிந்தன. படத்தில் பார்த்த நிறங்கள் பொய் என்று அதுவரை உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. அது அங்கே போய்விட்டது.

கடைசியில் ஆறு. அதற்கு இப்பால், எங்கள் வண்டி உட்பட, பெரிய பெரிய வண்டிகளெல்லாம் வரிசையாக நின்றன. தண்ணீருக்குள் இறக்கிச் சேதம் வந்தால் காப்புறுதி கிடையாதாம். வாடகைக்கு வண்டி எடுத்து வந்தவர்கள் பலரும் இறக்கத் துணிவதில்லை. காலால் போகிறவர்களுக்கு ஒடுக்கமான பாலம் ஒன்று இருந்தது. "ஃபோர் வீலோட வந்தவையும் இஞ்ச நடைதானோ!" என்று மாமா கைகொட்டினார். நான் ஏற்கெனவே பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தேன்.

அக்கரையில், என்னைப் பார்த்துக் கை காட்டிய அந்த பஸ் நின்றது. ஓட்டிய பெண்ணிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்து, மன்னிப்புக் கேட்டு, திரும்பிப் போக எங்கள் இருக்கைகள் அப்படியே இருக்கின்றன என்றார்.

கறுப்புப் பாறைக்குழம்பு உறைந்து கிடந்த வெளியின் நடுவே போன பாதையில் ஏறினேன். எரிமலைக் கண்ணாடி வெயிலில் பளபளத்தது. மேலே மஞ்சள் சரிவில், நிலத்தின் வெடிப்புகளிலிருந்து புகை சீறிக்கொண்டிருந்தது. கெட்டுப்போன முட்டை மணம். பாதையோரம் குந்தி உள்ளங்கையை நிலத்தில் வைத்தேன். சூடு. உள்ளே இருப்பது இன்னும் ஆறவில்லை. "வந்திட்டன்!" என்று என்னையறியாமல் கத்தினேன். தூரத்தில் போன யாரோ ஒருவர், காரணம் தெரியாமலே கைதட்டினார்.

இறங்கி வந்தபோது, வெந்நீர் ஓடையில் கழுத்தளவு தண்ணீரில் மாமா இருந்தார். நீச்சலுடைக்காரர்கள் நடுவே அவர் இடுப்பில் கட்டியிருந்த நீலச் சாரம் காற்றுப் பிடித்துக் குடைபோல மிதந்தது. பக்கத்தில் புரோசார்ட் தாடிக்காரர். யார் எந்த மொழியில் பேசினார்கள் என்று தெரியவில்லை. இருவரும் நல்ல சந்தோஷத்தில் இருந்தார்கள்.

பஸ்ஸில் திரும்பி, தொலைபேசிக்கு உயிர் வந்ததும் முதலில் அம்மாவுக்கு எடுத்தேன். முழுக்கதையையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மாமாவின் முகத்தைப் பார்த்து, காரின் கதையை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

"அப்ப அடுத்தது எங்கை?" என்றார் அம்மா.

அடுத்தது அஸ்க்யா. அதே நாட்டில், இன்னும் உள்ளே, இன்னும் ஆள் நடமாட்டம் குறைந்த எரிமலை. வழியில் ஆறுகள் உண்டு; வடக்கிலிருந்து உயரமான பஸ் ஒன்று போகிறதாம். என்னிடம் இன்னமும் லைசென்ஸ் இல்லை. எடுக்கும் அவசரமும் இல்லை. சொந்த வண்டியில் போயிருந்தால் யாரிடமும் எதுவும் கேட்டிருக்கமாட்டேன். கேட்காமல் போயிருந்தால், இவ்வளவு காலம் மொன்றியலில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலேயே இருந்த அந்தப் புரோசார்ட் ஆட்கள் என் ஊரவர்கள் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். வருகிற ஓகஸ்டில் அவர்களும் வருகிறார்கள். இம்முறை அவர்களும் வண்டி எடுப்பதில்லையாம், எங்களோடு பஸ்ஸில்தான்.