கீழ்வீட்டு மகாராணி

ஒரு ராஜ வம்சம் எழுந்து, ஆடி, அடங்கியதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டவன் நான். பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒலிப்பதிவாளன் எதையும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, யார் குரல் எகிறுகிறது, யார் குரல் உள்ளே போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பதே என் பிழைப்பு.

நிழலிலா வம்சம் என்று பெயர். வேறு எங்கோ எடுத்த தொடர். எங்கள் ஸ்டுடியோவில் அதற்குத் தமிழ்க் குரல் கொடுத்தோம். ஆடு மேய்க்கும் ஒருவன் தன் நிழலை ஒரு மலையிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அரியணை கேட்டு வாங்குகிறான். நிழல் இல்லாதவன் மேல் அம்பு பாயாது என்பது அந்த உலகத்துச் சட்டம். ஏன் பாயாது என்று வசனம் எழுதியவரிடம் கேட்டேன். "உனக்கு எதுக்குய்யா அது, மைக்கைப் பாரு" என்றார். ஆட்டுக்காரனின் மகன் ஏழு நகரங்களை வளைத்துப் போடுகிறான். பேரன் கடலுக்கே வேலி கட்டுகிறான். அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்: அண்ணன் தம்பிக்கு ஆகாது, ஒருத்தன் விஷம் வைப்பான், இன்னொருத்தன் கண்ணைப் பிடுங்குவான். அந்த வம்சத்தில் ஒரு குழந்தை நிழலோடு பிறந்தால் அரியணை இடிந்து விழுந்துவிடும். அதனால் அப்படி ஒன்று பிறந்தால் விடிவதற்குள் ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது பரம்பரைக் கட்டளை.

இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வருகிறாள் ஒரு ராணி. வெளியிலிருந்து வந்தவள் என்பதால் அவளுக்கு நிழல் உண்டு. அது யார் கண்ணிலும் படக் கூடாதென்று வெயிலே எட்டிப் பார்க்காத அறைகளில் அவளை அடைத்துவிடுகிறார்கள். புருஷன், மைத்துனன், பெற்ற பிள்ளைகள் என்று எல்லோரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாக, இவள் மட்டும் சாகாமல் இருட்டறையிலேயே நரைத்துக்கொண்டு போகிறாள். அந்த ராணியின் தமிழ்க் குரல்தான் எங்கள் மகாராணி.

ஸ்டுடியோவில் அவருக்கு வேறு பெயரே இல்லை என்று ஆகிவிட்டது. டீ கொண்டுவருகிறவர்கூட "மகாராணிக்கு சக்கரை கம்மி" என்று தனியாக வைப்பார். ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும். நாலு வார்த்தை பேசினால் நாடே நடுங்கும் ராணி, கஞ்சி போடாத பழைய பருத்திப் புடவையில், கையில் ஒற்றை வளையல்கூட இல்லாமல், வெந்நீர்க் குடுவையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். மொடமொடப்பான துணியின் சரசரப்பையும் வளையல் சத்தத்தையும் மைக் விடாது. வயிறு கத்தினால் அதையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் உள்ளே போகும்முன் ஒரு வாழைப்பழத்தை அவசர அவசரமாக விழுங்குவார். அதற்கப்புறம் இருட்டு அறை, ஒரு சின்ன விளக்கு, எதிரே திரை. மாலையில் வெளியே வரும்போது வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவார்.

ராணி ஆவதற்குமுன் அவருக்கு இருந்த வேலை அழுவது. எந்தப் படத்தில் யார் செத்தாலும் இவருக்குப் போன் போகும். சாவு வீட்டில் பத்துப் பெண்கள் அழ வேண்டுமென்றால், பத்துப் பேரைக் கூப்பிட எந்த முதலாளிக்கு மனசு வரும்? இவர் ஒருத்தரே பத்துத் தடவை வேறு வேறு தொண்டையில் அழுவார். நான் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வேன். "எனக்கு நல்ல காலம்னா எங்கயோ எழவுன்னு அர்த்தம், தம்பி" என்பார். ராணியின் புருஷன் செத்த அத்தியாயத்தில் அவர் அழுத அழுகை ஊரையே உலுக்கிவிட்டது. அடிவயிற்றில் ஒரு முனகலாகத் தொடங்கி, ஏறி, நடுவில் உடைந்து, மூச்சு உள்ளே போகும்போதும் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை இன்னொருத்தி போட்டு நான் கேட்டதில்லை.

அவர் வீடு அப்பா கட்டிய மாடிவீடு. கீழே இரண்டு அறைகளில் இவர். மாடியில் அக்கா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகாராணி கல்யாணமாகிப் போய், இரண்டே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவர். டீச்சர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. படுக்கையில் விழுந்த அம்மாவை மாடியில் வைத்துத் தூக்கி, துடைத்து, ஊட்டியது எல்லாம் டீச்சர்தான். இவர் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்.

அம்மா இறந்த அன்று ஸ்டுடியோவுக்குத் தகவல் வந்தது. நான்தான் ஆட்டோவில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மாடிப்படி ஏறி, அம்மாவின் முகத்தைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். ராணியின் அழுகை. அதே முனகல், அதே ஏற்றம், நடுவில் அதே உடைசல். கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் "டிவில வர்ற மாதிரியே இல்ல?" என்று கிசுகிசுத்தார். அவரை ஏன் குறை சொல்ல வேண்டும்? சத்தம் உச்சத்துக்கு ஏறியபோது, அளவைக் குறைக்கும் குமிழைத் தேடி என் விரல்களே தொடையில் துழாவின.

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த டீச்சர் நிமிர்ந்தார். அவர் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. தூங்கிப் பல நாள் ஆன முகம். "நடிக்காதே. இங்க ஒண்ணும் மைக் இல்ல" என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

மகாராணியின் அழுகை பாதியில் நின்றது. அதன்பின் அவர் அங்கே அழவில்லை. காரியங்கள் முடிந்து வேலைக்கு வந்தவர், வாழைப்பழத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எனக்கு வேற அழுகை தெரியாதே, தம்பி. இருக்கறது ஒண்ணுதான். அதைத்தான் அங்கயும் அழுதேன், இங்கயும் அழறேன்." எனக்கு டீச்சர்மேல் கெட்ட கோபம் வந்தது. ஆனால் அந்த முகத்தை நினைத்தால் கோபமும் ஒழுங்காக நிற்கவில்லை.

அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடின. ஒரே வாசல், ஒரே கேட். ஒருத்தர் வெளியே வரும் சத்தம் கேட்டால் இன்னொருத்தர் உள்ளேயே நின்றுவிடுவார். மிஞ்சியது ஒரே ஒரு தொடர்பு. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் கீழே, தொட்டி மேலே. தொட்டி நிறைந்தால் டீச்சர் மேலிருந்து குழாயில் கரண்டியால் டங் டங் என்று தட்டுவார், இவர் அணைப்பார். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

இன்னொன்றும் இருந்தது. தினமும் சாயங்காலம் தொடர் தொடங்கும் நேரத்துக்கு மாடியில் டிவி ஓடும். இவர் தன் டிவியைப் போடாமல் விளக்கையும் போடாமல் உட்கார்ந்து, மேல்தளம் வழியாக வரும் தன் குரலையே கேட்பார். ராணி வரும் கட்டத்தில் மேலே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்குமாம். "அவ என் குரலுக்காகப் பாக்கறாளா, இல்ல ஊரே பாக்குதேன்னு கதையைப் பாக்கறாளா? அது மட்டும் தெரிஞ்சா போதும், தம்பி. வேற எதுவும் கேக்க மாட்டேன்" என்பார். எனக்கு என்ன தெரியும்? கதையும் அப்போது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வம்சத்தில் மிச்சமிருந்தது ராணியின் பேரன் ஒருவனும் அவன் மனைவியின் வயிற்றிலிருந்த குழந்தையும்தான். அந்தக் குழந்தை நிழலோடு பிறக்கப் போகிறது என்று தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

வம்சம் விழப்போகும் நேரம் பார்த்து மகாராணியின் தொண்டை விழுந்தது. குரல் நாணில் ஒரு முடிச்சு. சின்ன அறுவைதான், ஆனால் அதன்பின் ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்றார் டாக்டர். கடைசி அத்தியாயங்கள் முடியும்வரை தள்ளிப்போடலாமா என்று மகாராணி கேட்டார். இன்னும் ஒரு நாள் கத்தினால் மொத்தமும் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்தார். சானல்காரர்களிடம் நான் போய்க் காத்திருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். காத்திருப்பார்களா? வேறொரு பெண்ணை வைத்தார்கள். நல்ல பெண், சுத்தமான உச்சரிப்பு. அழச் சொன்னபோது அழுதாள். நானும் பதிவு செய்தேன். என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் மகாராணி சொன்னது இதுதான்: "மாடிக்குப் போறது அந்த ஒரு சத்தம்தான். இனிமே அதுவும் போகாது."

கடைசி அத்தியாயம் ஒளிபரப்பான அன்று சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். அன்றைக்கு அவர் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைக்கவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கழுத்தில் துண்டு சுற்றியபடி கதவைத் திறந்தவர் ஒரு சின்னப் பலகையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினார்: "மேலே டிவி ஓடறதில்லை." எத்தனை நாளாக என்று கேட்டேன். "புதுக் குரல் வந்த அன்னிக்கு நடுவுல அணைஞ்சுது. அப்புறம் போடவே இல்லை." துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்: "உடம்பு சரியில்லையோ?"

சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அது. அவருக்கோ பயம்தான் வந்திருந்தது. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தன் டிவியைப் போட்டு, மோட்டாரையும் போட்டுவிட்டு வந்தார்.

திரையில் பேரன் போரில் விழுந்தான். குழந்தை பிறந்தது. விளக்கு வெளிச்சத்தில் தொட்டில் ஓரமாக ஒரு குட்டி நிழல் அசைந்தது. ஆற்றுக்குக் கொண்டுபோக வீரர்கள் வந்து நின்றார்கள். அப்போது மேலே குழாயில் டங் டங் என்று கேட்டது. மகாராணி கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அத்தனை நிம்மதி. நான் சுவிட்சை அணைக்க எழுந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார்.

மறுபடி டங் டங். அவர் அசையவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து சன்னலுக்கு வெளியே தண்ணீர் கொட்டத் தொடங்கியது. டங் டங் டங் டங். திரையில் ராணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து, மருமகளாக வந்தபின் முதல்முறையாக வெயிலில் இறங்கினாள். இரண்டு நிழல்கள் முற்றத்தில் விழுந்தன. பின்னால் அரியணை இடிய ஆரம்பித்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். கதவு படார் என்று திறந்தது.

"காது செவிடா? தொட்டி வழிஞ்சு சுவரெல்லாம் ஊறுது, அணைக்கத் தெரியாது?" டீச்சர் கையில் கரண்டியோடு நின்றார். தங்கையின் கழுத்துத் துண்டையும் பலகையையும் பார்த்தார். குரல் இறங்கியது. "என்னடி இது?"

மகாராணி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான்தான் சொன்னேன், "தொண்டையில ஆபரேஷன், டீச்சர். பேசக் கூடாது."

டீச்சர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டினார். "ஒரு வார்த்தை மேல வந்து சொல்ல உங்களுக்கெல்லாம் என்ன? நான் என்னன்னு நெனைக்கிறது? ஒரு நாள் திடீர்னு யாரோ ஒருத்தி பேசறா. வேலையை விட்டு எடுத்துட்டாங்களா, ஆளே இல்லையான்னு..."

டிவியில் இடிபாடுகளுக்கு நடுவே ராணி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். டீச்சர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பரீட்சைத் தாள் திருத்துகிறவர் முகம்.

"இவ நடிக்கிறா" என்றார்.

மகாராணியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சத்தமே இல்லை, மூச்சுகூட ஓசையில்லாமல் போய் வந்தது. காது மட்டுமே வைத்துப் பிழைப்பவன் நான். அந்த அழுகையைக் கண்ணால்தான் பார்க்க முடிந்தது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து தங்கையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். "சத்தம் வராம அழுடி. தொண்டை போயிடும்" என்றார். அவர் குரலும் உடைந்திருந்தது.

நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். சுவரெல்லாம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரை நான்தான் அணைத்தேன்.